ஊக்கைத் திருப்பிக் கேட்டவள்

இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கக்கா, வெயில் முழுக்க உங்க மேலதான் அடிக்குது. போட்டிருக்கிறதும் கறுப்பு. கறுப்பு சூட்டை இழுக்கும்னு பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்துலயே இருக்கு. நான் குறை சொல்லல, அறிவியலைச் சொல்றேன். கோவிச்சுக்காதீங்க.

மடியில இருக்கிறதா? கேடயம். திருச்சியில மாநிலப் பேச்சுப் போட்டி. இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு பையனுக்குப் போச்சு. தாய்மையைப் பத்திப் பேசினான். தாய்மையோட யாராலக்கா போட்டி போட முடியும்? நடுவர் அத்தனை பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் பேசினது பெண்ணின் உடைச் சுதந்திரம். அதுக்கு ஒரே ஒரு நடுவர்தான் கண்ணைத் துடைச்சார். அந்த ஒருத்தர் கண்ணீருக்கு இரண்டாம் பரிசு. நியாயம்தான்.

நீங்க கோட்டைப்பட்டினமா? அப்ப அறந்தாங்கியில இறங்கி வேற பஸ் மாறணும். இல்லையா? அறந்தாங்கியேதானா? டீச்சரா! என்ன பாடம்? கணக்கா! பரவாயில்லையே, வீட்ல வேலைக்கு அனுப்புறாங்களே. என்ன? நான் பாராட்டாத்தான்கா சொன்னேன்.

என் பேரு அறிவுக்கொடி. அப்பா வச்ச பேரு. அப்பா பெண் விடுதலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா மைக்கே வேண்டாம், மூணு தெருவுக்குக் கேக்கும். அந்த ரத்தம்தான் எனக்கும். அநியாயத்தைக் கண்டா வாய் சும்மா இருக்காது. அநியாயத்தைக் காணாட்டியும் இருக்காதுன்னு ஜுலைகா சொல்லுவா.

ஜுலைகா யாருன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன். உங்க தலைத்துணியைப் பார்த்ததும் அவ ஞாபகம் வந்துடுச்சு. அதனாலதான் உங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தேன். பின்னால ஜன்னல் சீட்டே காலியா கிடக்கு. எம்.ஏ. முதல் வருஷம் ரெண்டு பேரும் ஒரே வகுப்பு, ஹாஸ்டல்ல ஒரே ரூம். இப்ப அவ காலேஜிலயும் இல்ல, என்கூடப் பேசறதும் இல்ல. நான் அவளுக்காகத் தொண்டை கிழியப் பேசியிருக்கேன்கா. அவ என்கூடப் பேசறதில்ல. யார் பக்கம் தப்புன்னு நீங்களே கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க. கணக்கு டீச்சர் வேற, தப்பாப் போகாது.

முதல்ல எங்க காலேஜ் வாசலைப் பத்திச் சொல்லணும். எங்க காலேஜில பொண்ணுங்க சுடிதார் போட்டா ஷால் கட்டாயம். சும்மா தோள்ல தொங்கவிட்டா போதாது. ரெண்டு தோள்லயும் ஊக்கு குத்தி, மடிப்பு கலையாம முன்னால விழணும். அதைப் பார்க்க வாசல்லயே ஒரு மேடம் நிப்பாங்க. கற்பகவல்லி மேடம். இயற்பியல் பாடம் எடுக்கறவங்க, ஒழுங்குக் குழுத் தலைவி. நாங்க ஊக்கு மேடம்னுதான் சொல்லுவோம். கையில ஸ்கேல் இருக்கும். ஸ்கேல் முனையால ஷால் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாங்க. அடியில ஊக்கு மின்னினா உள்ள. மின்னலைன்னா வெளிய.

பையன்களுக்கா? பையன்களை எதுக்குக்கா பார்க்கணும்?

நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியுது. அது அடக்குமுறை இல்லையான்னு கேப்பீங்க. இல்லக்கா. அது ஒழுங்கு. பார்க்க நீட்டா இருக்கும். அது வேற, இது வேற.

ஜுலைகாவுக்கு அந்த வாசல்ல ஒரு சிக்கலும் கிடையாது. தலைத்துணியே தோள், மார்பு எல்லாத்தையும் மூடிடுதே. மேடம் அவளைப் பார்த்ததும் ஸ்கேலை இறக்கிடுவாங்க. அவளைப் பார்த்துக் கத்துக்கோங்கன்னு எங்களைத் திட்டுவாங்க. அவங்க அத்தா புதுக்கோட்டையில ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்கார். அத்தான்னா அப்பா. ஓ, உங்களுக்குத் தெரியுமில்ல. அந்தக் கடையிலிருந்து பச்சைத் தொப்பி போட்ட சின்னச் சின்ன ஊக்கா எடுத்துட்டு வந்து, தலைத்துணி ஓரத்துல உள்பக்கமா வரிசையா குத்தி வச்சிருப்பா. காலையில வாசலுக்கு முன்னால வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு, "வாங்கடி, வாங்கடி, அடக்கம் விநியோகம்! ஆளுக்கு ரெண்டு!"ன்னு கூவுவா. ஊக்கு மறந்தவ, தொலைச்சவ, வாங்கவே வாங்காதவ எல்லாரும் அவகிட்ட ஓடுவோம். நான்? நான் ஒருநாளும் ஊக்கு வாங்கினதில்லக்கா. அவ இருக்கும்போது எதுக்கு?

அப்படி ஒரு நல்ல பொண்ணு ஒரு துணிக்குள்ள அடைபட்டுக் கிடக்கறாளேன்னு எனக்குத் தூக்கமே வராது. எதிர்க் கட்டில்ல அவ நல்லாத் தூங்குவா. அடிமைத்தனம் பழகிப்போச்சுன்னா அப்படித்தான் தூக்கம் வரும்.

ஒருநாள் கேட்டுட்டேன். "ஏன்டி இதைப் போடுற?"

"நீளமான பதில் வேணுமா, சின்ன பதில் வேணுமா?"ன்னா.

"நீளமானது."

"அது முடியாதுடி. நீ நடுவுல பேசுவ."

"சரி, சின்னது சொல்லு."

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்குன்னு நினைக்க உனக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க"ன்னேன். எப்படி? சட்டுன்னு வந்துச்சு. அவ என் தோளைத் தொட்டு, "இது உனக்குப் பிடிச்சிருக்கா?"ன்னா. ஷாலைச் சொல்றா. "லூசு, அது வேற"ன்னேன். அவகிட்ட அதான்கா குறை. எடுத்துக்கிட்ட தலைப்பை விட்டு விலகிடுவா.

ஆனா தைரியம் உண்டு, இல்லைன்னு சொல்லமாட்டேன். அவளோட பெரியம்மா மகன் ஒருத்தன் வெளிநாட்டுலருந்து லீவுக்கு வந்தான். கலர் துணி கூடாது, கறுப்புதான் போடணும், முகமும் தெரியக்கூடாதுன்னு இவளுக்கு உத்தரவு போட்டிருக்கான். "உன் பனியனைத் துவைச்சுக் காயப்போட ஒரு ஆள் வேணும் உனக்கு, நீ என் துணிக்குக் கலர் சொல்றியா?"ன்னு கேட்டிருக்கா. அடுத்த நாள் காலேஜுக்கு மாம்பழ மஞ்சள்ல கட்டிட்டு வந்தா. நான் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். "இதே வேகத்துல அதையும் கழட்டிடுடி"ன்னேன். "நீயும் கலர் சொல்ல வந்துட்டியா?"ன்னு கேட்டா. நான் எங்கக்கா கலர் சொன்னேன்?

அப்புறம்தான் மகளிர் தினம் வந்துச்சு. எங்க காலேஜில மகளிர் தினம்னா பட்டிமன்றம். போன வருஷத் தலைப்பு, குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் மாமியாரா, மருமகளா. அதைக் கேட்டுக் கொதிச்சுப்போய் நான்தான் துறைத் தலைவர்கிட்ட சண்டை போட்டு இந்தத் தலைப்பை வாங்கினேன்: தலைத்துணி பெண்ணுக்கு உரிமையா, சுமையா? சுமைன்னு பேசற அணிக்கு நான் தலைவி. உரிமைன்னு பேசற அணிக்குத் தமீம். அவனும் எங்க வகுப்புதான். ஜிம்முக்குப் போற பையன். சட்டை எப்பவும் ஒரு அளவு சின்னதா இருக்கும், கை மடிப்பு முண்டாவுக்கு மேல நிக்கும். அவன் அடக்கமான உடையைப் பத்திப் பேசப் போறான்.

பட்டியல் ஒட்டின அன்னைக்கு ஜுலைகா துறைத் தலைவர் அறைக்கு வந்தா. "ஐயா, நான் பேசறேன்."

"எந்தப் பக்கம்மா?"

"என் பக்கம்."

"பட்டிமன்றத்துல அப்படி ஒரு பக்கம் கிடையாதும்மா"ன்னார் அவர்.

நான் தன்மையாத்தான் எடுத்துச் சொன்னேன். "ஜுலைகா, நீ சம்பந்தப்பட்டவ. நீ பேசினா நடுநிலை போயிடும்." தமீமும் சொன்னான், "எங்க பொண்ணுங்க உரிமையைப் பத்திப் பேசத்தான் நாங்க இருக்கோமே, நீ எதுக்கு மேடை ஏறி நாலு பேர் பார்க்க?" நானும் தமீமும் அதுவரைக்கும் எந்த விஷயத்துலயும் ஒத்துப்போனதில்லக்கா. கேன்டீன் சாம்பார்ல உப்பு இருக்கா இல்லையாங்கறதுலகூட. அன்னைக்குத்தான் ஒத்துப்போனோம். கருத்தொற்றுமை எவ்வளவு இனிமையானதுன்னு அன்னைக்குப் புரிஞ்சது.

ஆனா அவளை ஒதுக்கினேன்னு சொல்லிடாதீங்க. முதல் வரிசையில நடுநாயகமா ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தேன். நான் கை நீட்டினா அவ தெரியணும்.

அன்னைக்குச் சிறப்பு விருந்தினர் வர்றாங்கன்னு ஊக்கு மேடத்துக்குப் பதற்றம். வாசல்ல ஒரு சோதனை, அரங்க வாசல்ல இன்னொரு சோதனை. வேப்பமரத்தடியில கூட்டம் தாங்கல. ஜுலைகாகிட்ட இருந்த ஊக்கு பூரா காலி. அவ தலைத்துணியைப் பிடிக்கறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். எனக்குக் குடுத்ததுதான் கடைசி ரெண்டு. தன் கையாலயே குத்திவிட்டா. "நல்லாப் பேசுடி"ன்னா.

பேசினேன். "அன்பார்ந்த பெரியோர்களே! அதோ, முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறாள் என் ஆருயிர்த் தோழி ஜுலைகா! அவளுடைய கூந்தலுக்குக் காற்று என்றால் என்னவென்று தெரியுமா?" கைதட்டல் நிக்கவே இல்ல. தினமும் சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டைமாடியில அவ தலை விரிச்சு உலர்த்துவா, நான்தான் சிக்கெடுத்துப் பின்னிவிடுவேன். என்ன? இல்லக்கா, பொய் எங்க சொன்னேன்? கேள்வியாத்தானே கேட்டேன்!

தமீம் எழுந்தான். "ஹெல்மெட் உயிரைக் காக்கும், தலைத்துணி மானத்தைக் காக்கும்"னான். அதுக்கும் கைதட்டல். அவன் ஹெல்மெட் போட்டு பைக் ஓட்டி யாரும் பார்த்ததில்ல.

எல்லாரும் பேசி முடிச்சதும் பார்வையாளர் கேள்வி நேரம். வழக்கமா யாராவது ஒரு பையன் எழுந்து கவிதை வாசிப்பான். அன்னைக்கு ஜுலைகா எழுந்து மைக்கை வாங்கினா.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இங்க என் ஊக்கைக் குத்தியிருக்கிறவங்க கொஞ்சம் கை தூக்குங்க."

அரங்கமே சிரிச்சுது. அங்கங்க கை எழுந்துச்சு. அப்புறம் வரிசை வரிசையா எழுந்துச்சு. யார் யார் வாங்கியிருக்காங்கன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது.

"நன்றி. திருப்பிக் குடுத்துடுங்க. எனக்கு வேணும்."

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழட்டி, "இப்ப எதுக்கும்மா அது?"ன்னார்.

"என்னுதுங்கய்யா."

அவ்வளவுதான்கா சொன்னா. ஒரு வாதம் இல்ல, ஒரு மேற்கோள் இல்ல. தாவரவியல் படிக்கற ஒரு பொண்ணு எழுந்து, ரெண்டு ஊக்கையும் கழட்டி அவ உள்ளங்கையில வச்சுட்டுப் போனா. அப்புறம் அவ தோழி. அப்புறம் ஒரு வரிசையே எழுந்து வந்துச்சு. தோள்லருந்து ஷால் ஒவ்வொண்ணா சரியுது. ஒருத்தி சுருட்டி நாற்காலி முதுகுல போட்டுட்டு, "அம்மாடி, காத்து!"ன்னா. என் வசனம்கா அது! ஊக்கு மேடம் ஸ்கேலைத் தூக்கிட்டு ஓடி வந்து, "குத்துங்க, எல்லாரும் குத்துங்க!"ன்னு கத்தறாங்க. "எதால மேடம்?"னு பின்னாலருந்து ஒரு குரல். சிறப்பு விருந்தினர் மேல சுத்தற ஃபேனை ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சுட்டார். தமீம் தலையைக் குனிஞ்சு செருப்பைப் பார்த்துட்டு இருந்தான்.

ஜுலைகா கை நிறைய பச்சை ஊக்கோட மேடைப் பக்கம் திரும்பினா. "அறிவு, உன்னுது?"

நான் குடுக்கல. எப்படிக்கா குடுக்கறது? மேடையில இருக்கேன். கீழ, என் பேச்சைக் கேக்க வந்த அப்பா உட்கார்ந்திருக்கார். என்னைப் பார்த்து, தன் தோளைத் தொட்டுக் காட்டினார். ஷால் சரியா இருக்கான்னு பார்த்துக்கோன்னு அர்த்தம். அக்கறை. நான் ரெண்டு தோளையும் ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் படத்தை எவளோ எடுத்துட்டா. காலேஜ் வாட்ஸ்அப் குழுவுல இப்பவும் சுத்துது.

தீர்ப்பா? துறைத் தலைவர் எழுந்து, "உரிமையும் அல்ல, சுமையும் அல்ல, அடக்கமே பெண்ணுக்கு அணிகலன்"னு முடிச்சார். பலத்த கைதட்டல். எதுக்குத் தட்டினாங்கன்னு அவங்களைத்தான் கேக்கணும்.

மறுநாளே விசாரணை. மாணவிகளை அடக்கமில்லாம உடுத்தத் தூண்டினாள்னு குற்றச்சாட்டு. யார் மேல? ஜுலைகா மேல! உச்சந்தலையிலருந்து மூடின பொண்ணு மேல! எனக்கே சிரிப்பு வந்துச்சுக்கா, அடக்கிக்கிட்டேன். நான் ஒழுங்குக் குழுவுல மாணவிகள் பிரதிநிதி, சிரிக்கக் கூடாது. காலை வழிபாட்டுக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் அவ மன்னிப்புக் கேக்கணும், இல்லைன்னா வகுப்புக்கு வரக்கூடாதுன்னாங்க. "நான் என் பொருளைக் கேட்டேன். அதுல எது தப்புன்னு சொல்லுங்க மேடம், உடனே மன்னிப்புக் கேக்கறேன்"னா. மேடம் உடனே என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லும்மா. பெண்ணுரிமை பேசற பொண்ணு நீ. ஷால் அடிமைத்தனமா?"ன்னு கேட்டாங்க.

மாநிலப் போட்டிக்கு அனுமதிக் கையெழுத்து அவங்கதான் போடணும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சும்மா சொல்றேன். நான் மனசாட்சிப்படி சொன்னேன்: "இல்லை மேடம். அது ஒழுங்கு. தலைத்துணி வேற, ஷால் வேற."

ஜுலைகா என்னைத் திரும்பிப் பார்த்தா. கோபமா பார்த்திருந்தாக்கூட நான் பதில் சொல்லியிருப்பேன். லேசா சிரிச்சுட்டு, "சரிடி"ன்னா. எத்தனையோ பேரை வாதத்துல மடக்கியிருக்கேன்கா. அந்தச் "சரிடி"க்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கல.

அவங்க அத்தாவை வரச் சொன்னாங்க. நான் வராண்டாவுல தயாரா நின்னேன். அவர் கத்துவார், கை ஓங்குவார், நான் பாய்ஞ்சு குறுக்க விழுந்து காப்பாத்தணும். வசனம்கூட யோசிச்சு வச்சிருந்தேன். மனுஷன் வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில ஒரு அட்டைப்பெட்டியோட வந்தார். மேடம் மேஜையில பெட்டியை வச்சு, "ஊக்கு மேடம். தட்டுப்பாடுன்னு புள்ள சொல்லுச்சு. பத்தலைன்னா சொல்லியனுப்புங்க, கடையிலருந்து தர்றேன்"னார். கிண்டலா நிஜமான்னு முகத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியல. அப்புறம் மகள்கிட்ட, "மன்னிப்புக் கேக்கறியாம்மா?"ன்னார்.

"இல்லத்தா."

"அப்ப டி.சி.யை வாங்கிட்டுக் கிளம்புவோம். இப்படி வாதாடறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்காமே, அதுல சேத்துவிடறேன்."

அவ்வளவுதான். கத்தவே இல்ல. எனக்கு ஒரு மாதிரி ஏமாற்றமா போச்சு.

மதுரையில சட்டக் கல்லூரியில சேர்ந்துட்டா. நல்ல விஷயம்தான். ஆனா எங்க காலேஜில என்ன பேச்சு தெரியுமா? வீட்டுல படிப்பை நிறுத்திட்டாங்க, பாவம், அவங்க வழக்கமே அப்படின்னு மேடமே வகுப்புல சொல்லியிருக்காங்க. தமீம் ஒரு பக்கம், மேடை ஏறி மைக் பிடிச்சதால வந்த வினைன்னு சொல்லிட்டுத் திரியறான். இப்படி ஆளாளுக்கு ஒரு பொண்ணு கதையைத் தன் இஷ்டத்துக்குத் திரிக்கலாமா? எனக்கு ரத்தம் கொதிச்சுது.

அந்தக் கொதிப்புலதான் திருச்சி மேடையில பேசினேன். "அவைத் தலைவர் அவர்களே, எனக்கு ஒரு தோழி இருந்தாள். ஒரு முழத் துணி அவளுடைய படிப்பை நிறுத்தியது!" அங்கதான் அந்த நடுவர் கைக்குட்டையை எடுத்தார்.

என்னக்கா? சட்டக் கல்லூரியில படிக்கறாளேன்னு கேக்கறீங்களா? அது தெரியும். ஆனா மேடையில அதைச் சொன்னா எடுபடாதுக்கா. ஃபேன்சி ஸ்டோர்க்காரர் மகளைச் சட்டம் படிக்க வச்சார்னா யாருக்குக் கண்ணீர் வரும்? எங்க காலேஜில அவ படிப்பு நின்னுச்சா இல்லையா? நின்னுச்சு. துணி விஷயமா நின்னுச்சா இல்லையா? நின்னுச்சு. எந்தத் துணின்னு நான் சொல்லவே இல்லையே. நீங்க கணக்கு, உங்களுக்கு எல்லாம் சரியா வரணும். பேச்சுல சாராம்சம் வந்தா போதும்.

நேத்துப் பேசின வீடியோவை எவளோ அவளுக்கு அனுப்பிட்டா. இன்னைக்குக் காலையில ஜுலைகா மெசேஜ். எத்தனை மாசம் கழிச்சு! "நான் படிச்சுக்கிட்டுத்தான்டி இருக்கேன். உன் தோள்ல இருக்கற ரெண்டு ஊக்கையும் நீயே வச்சுக்க." நான் விரிவா, தலைப்பு வாரியா ஒரு பதில் அனுப்பினேன். ஒரே ஒரு டிக்தான் விழுந்துச்சு. பிளாக் பண்ணிட்டா. வக்கீலுக்குப் படிக்கறவ விவாதத்துக்குப் பயந்து ஓடறா, பாருங்க.

இப்பச் சொல்லுங்கக்கா, யார் பக்கம் தப்பு? இருங்க, நீங்க சொல்றதுக்கு முன்னால ஒண்ணு... ஐயையோ, அறந்தாங்கி வந்துடுச்சா? கேடயத்தைக் கொஞ்சம் பிடிங்க. ஷாலைச் சரி பண்ணிக்கறேன். பஸ் ஸ்டாண்டுல அப்பா நிப்பார். இல்லக்கா, அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். அவர் யார்! ஷால் சரிஞ்சிருந்தா வீடு வரைக்கும் என்கூடப் பேசாம வருவார், அவ்வளவுதான். ஜீன்ஸ் கேட்டப்பகூட அப்படித்தான், ஒரு வார்த்தை திட்டல, ஒரு வாரம் பேசல. அது வேற.

இந்தப் பக்க ஊக்கைக் காணோமே! கீரனூர்லயே கழண்டு ஜன்னல் வழியா விழுந்துடுச்சா? அப்பவே பார்த்தீங்களா? சொல்லியிருக்கலாமே! சொல்ல வந்தீங்களா? நான் விடலையா? சும்மா சொல்லாதீங்கக்கா, நான் எப்பவும் மத்தவங்க பேச்சை முழுசாக் கேக்கறவ.

இப்ப என்ன பண்றது, அதோ அப்பா கேடயத்தைப் பார்க்கறதுக்குக் கழுத்தை நீட்டிட்டு நிக்கறார். என்ன பண்றீங்க? ஐயோ, உங்க துணியிலருந்தா எடுக்கறீங்க? அப்ப உங்களுக்கு? இன்னொண்ணு குத்தியிருக்கீங்களா? அப்ப சரி, குடுங்க.

பார்த்தீங்களா, நான் பேசினது வீண் போகல. உங்க தலையிலருந்து ஒரு ஊக்கையாவது எடுக்க வச்சுட்டேன்! அடுத்த மேடையில இதைச் சொல்லணும்.

நீங்களே குத்திவிட்டுடுங்கக்கா, எனக்குக் கை எட்டல. இன்னும் கொஞ்சம் மேல. இறுக்கமா குத்துங்க, அப்பா பார்க்கறார்.